ஐந்து பேர், ஒரு ஆய்வுக் கட்டுரை: யார் பெயர் முன்னால்?

தருவைக்காற்று | திங்கள், இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். மீன்வள உயிரியலில் பிஎச்டி, கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். பேப்பர் ஒன்று தயார். ஜர்னலுக்கு அனுப்பும் நேரத்தில் பெயர் வரிசையில் சண்டை வந்து நிற்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

தூத்துக்குடி விசைப்படகுகளில் வரும் மீன்களை அளந்து, முதிராத குட்டி மீன் எவ்வளவு பிடிபடுகிறது, ஏலத்தில் அதற்கு என்ன விலை கிடைக்கிறது என்று பார்த்தோம். அளவெடுப்பு, உயிரியல் பகுதி, முதல் வரைவு எல்லாம் நான். விலைக் கணக்கும் மாடலும் பொருளாதாரத் துறை நண்பர் ஒருவர். மூன்றாவது என் கைடு. நான்காவது எங்கள் திட்டத்தில் தினக்கூலிக்குக் கணக்கெடுத்த ஓர் அண்ணன், கடற்கரைக்காரர். ஐந்தாவது துறைத் தலைவர். அவர் இந்தப் பேப்பரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. "இங்கிருந்து போகிற எதிலும் அவர் பெயர் இருப்பது வழக்கம்" என்று கைடு தயங்கித் தயங்கிச் சொல்கிறார்.

பொருளாதார நண்பரோ, "ஆங்கில அகர வரிசையில் போட்டுவிடலாமே, எங்களிடம் அப்படித்தான்" என்கிறார். என் பெயர் வி-யில் தொடங்குகிறது. அகர வரிசை என்றால் நான்தான் கடைசி. எங்கள் துறையில் பெயர் பின்னால் போனால் கல்யாண வீட்டில் மொய் எழுத மட்டும் வந்தவர் மாதிரி.

என்ன செய்யலாம்?

சோதனைக்குழாய் | திங்கள், இரவு 11.05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வரைவு நீங்கள், தரவு நீங்கள், முதல் பெயர் நீங்கள். கடைசிப் பெயர் கைடு. உயிரியலில் அந்த இரண்டு இடத்துக்குத்தான் மதிப்பு. நடுவில் இருப்பவர்களை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

நண்பர் மனம் கோணக் கூடாது என்றால் இரண்டு பேருக்கும் நட்சத்திரக் குறி போட்டு, "சம பங்கு" என்று அடியில் எழுதலாம். ஆனால் அந்த நட்சத்திரம் சிவியில் மட்டும்தான் மின்னும். பிறகு மேற்கோள் காட்டுகிறவர்கள் முதல் ஆள் பெயரைப் போட்டு "மற்றும் பலர்" என்று முடித்துவிடுவார்கள்.

துறைத் தலைவர் விஷயத்துக்குப் பதில் ஒரே சொல்: கூடாது.

பொருளாதாரப்பூனை | செவ்வாய், காலை 6.50

அந்த நண்பர் நான் இல்லை, ஆனால் நானும் அதே துறை. அவர் தன்னை முன்னால் தள்ளிக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பொருளாதாரத்தில் அகர வரிசை என்பது மரியாதை. எல்லோரும் சமம், யார் பெரியவர் என்ற பேச்சே வேண்டாம் என்று சொல்வது. கணிதத்திலும் அப்படியே. எங்களுக்குள் வரிசையை மாற்றிப் போட்டால்தான் "ஏதோ தகராறு போலிருக்கிறது" என்று பார்ப்பார்கள்.

ஆனால் இந்தச் சமத்துவம் காகிதத்தில்தான். லிரான் எய்னாவ், லீயட் யாரிவ் என்று இரண்டு பேர் 2006இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளில், குடும்பப் பெயர் அகர வரிசையில் முன்னால் வருகிறவர்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. உளவியல் துறையில் பார்த்தால் அந்த வேறுபாடு இல்லை. அங்கே பங்களிப்பை வைத்துப் பெயர் போடுகிறார்கள். (அந்தக் கட்டுரையை எழுதிய இருவரின் பெயர்களும் ஈ, ஒய். அகர வரிசையில்தான் போட்டிருக்கிறார்கள்!)

அதற்கு மாற்றாக தேப்ராஜ் ரே, ஆர்தர் ராப்சன் இருவரும் 2018இல் ஒரு யோசனை சொன்னார்கள். பெயர் வரிசையைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வது, குலுக்கல்தான் என்று காட்டப் பெயர்களுக்கு நடுவே வட்டத்துக்குள் ஆர் என்ற எழுத்தை வைப்பது. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கமும் ஏற்றுக்கொண்டது. எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள். ஏ-யிலும் பி-யிலும் தொடங்குகிறவர்களுக்கு இதில் என்ன அவசரம்?

மூன்றாம்பீம் | செவ்வாய், காலை 8.15

ஐந்து பேருக்கே இந்தப் பாடா? 2015இல் ஹிக்ஸ் போசான் என்ற நுண்துகளின் நிறையைப் பற்றி, செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் இரண்டு குழுவும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கம். அதில் விஷயம் 9 பக்கம், மீதி 24 பக்கமும் பெயர்களும் நிறுவனங்களும்தான்.

பிஎச்டி காலத்தில் இப்படி ஒரு குழுவில் இருந்தேன் என்பதால் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் பெயர் வந்துவிடாது. கருவியைச் சரிபார்ப்பது, மென்பொருள் எழுதுவது என்று குழுவுக்குப் பொதுவான ஒரு வேலையை ஏறத்தாழ ஒரு வருடம் செய்து காட்ட வேண்டும். அது முடிந்தால் அதன் பிறகு குழு வெளியிடும் எல்லாக் கட்டுரையிலும் பெயர் இருக்கும், நீங்கள் படிக்காத கட்டுரையிலும்கூட. காரணம் உண்டு. உணர்கருவியின் ஒரு மூலையில் கேபிள் இழுத்தவர் இல்லாமல் அந்த எண் வந்திருக்காது.

அப்படியென்றால் யார் என்ன செய்தார் என்று எப்படித் தெரியும்? கட்டுரையைப் பார்த்துத் தெரியவே தெரியாது. குழுவுக்குள் சுற்றும் குறிப்புகளில் இருக்கும், அப்புறம் பரிந்துரைக் கடிதத்தில் இருக்கும். ஊருக்குத் திரும்பி வந்து வேலைக்கு விண்ணப்பித்தபோது நேர்காணலில் ஒருவர் என் பட்டியலைப் புரட்டிவிட்டு, "நூற்றுக்கணக்கில் பேப்பர் இருக்கிறது, ஒன்றில்கூட நீங்கள் முதல் ஆசிரியர் இல்லையே" என்றார். என்ன பதில் சொல்ல?

தருவைக்காற்று | செவ்வாய், மதியம் 1.20

நன்றி. பூனை அக்கா/அண்ணா (எது என்று தெரியவில்லை), நண்பரிடம் கோபம் எதுவும் இல்லை. அவர் நல்ல மனசோடுதான் சொன்னார் என்று இப்போது புரிகிறது.

இன்னொரு சிக்கலை இன்று காலைதான் கவனித்தேன். அகர வரிசை என்றால் எந்தப் பெயரின் அகர வரிசை? எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். ஜர்னல் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போக முடியவில்லை. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. அப்பா பெயர் ஏ-யில் தொடங்குகிறது. அதைப் போட்டால் அகர வரிசையிலும் நான்தான் முதல்! நண்பரிடம் சொன்னேன், சிரித்துவிட்டு "அப்படியே வைத்துக்கொள்வோம்" என்கிறார். எனக்குத்தான் இது நியாயமா என்று தெரியவில்லை.

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், மாலை 4.35

அம்மா, முதலில் அந்தப் பெயர் விஷயத்தை முடித்துக்கொள். முதல் பேப்பரில் எப்படிப் போடுகிறாயோ அப்படியேதான் ஆயுசுக்கும். ஒரு பேப்பரில் உன் பெயர் முன்னும் அப்பா பெயர் பின்னும், இன்னொன்றில் வெறும் இனிஷியல் என்று போனால் தரவுத்தளம் உன்னை இரண்டு ஆளாக்கிவிடும். ஆர்கிட் (ORCID) என்று ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 16 இலக்க எண் ஒன்று இலவசமாகத் தருகிறார்கள், உடனே வாங்கிக்கொள். நம் ஊர்ப் பெயருக்கு அதுதான் இப்போதைக்கு மருந்து.

இந்தக் குழப்பம் நேற்று வந்ததில்லை. வானியற்பியல் சந்திரசேகருக்குச் சந்திரசேகர் என்பதுதான் சொந்தப் பெயர், சுப்ரமணியன் அப்பா பெயர். உலகம் முழுக்க அதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டது. சொந்தப் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. அவர் அதற்காக ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

வரிசை விஷயத்துக்கு வருகிறேன். 1928 மார்ச் 31 நேச்சர் இதழில் புதுவகை ஒளிச்சிதறலைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு வந்தது. கீழே இரண்டு பெயர்: சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணன். ஒருவர் திருச்சிக்காரர், மற்றவர் வத்திராயிருப்பில் பிறந்தவர், வேலை நடந்தது கல்கத்தாவில். அகர வரிசையில் போட்டிருந்தால் கே முன்னால், ஆர் பின்னால். நாம் இன்று பள்ளியில் எந்த விளைவு என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்போமோ! 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது.

அடிக்குறிப்பு | செவ்வாய், மாலை 5.10

வாத்தியார் சார் பூசி மெழுகுகிறார். கிருஷ்ணனுக்கு நடந்தது அநியாயம் என்று நேரடியாகவே சொல்லலாமே. பல்சார் என்ற துடிக்கும் விண்மீனைக் கண்டுபிடித்த ஆராய்ச்சி மாணவி ஜோசலின் பெல்லுக்கும் இதேதான். 1968 நேச்சர் கட்டுரையில் ஐந்து பேரில் இரண்டாவது பெயர் அவருடையது, கருவி வரைந்த தாளில் அந்தத் துடிப்பைப் பார்த்தவரே அவர்தான். 1974இல் நோபல் பரிசு அவர் கைடு ஹியூயிஷுக்கும், இன்னொரு வானியலாளர் ரைலுக்கும்.

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், இரவு 7.55

பூசவும் இல்லை, மெழுகவும் இல்லை தம்பி. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ராமன் 1921இல் கப்பலில் வரும்போது கடல் நீலத்தைப் பார்த்ததிலிருந்து சிதறலைப் பிடித்துக்கொண்டு நின்றவர். 1923லேயே அவருடைய மாணவர் கே.ஆர். ராமநாதன் ஒரு மங்கலான ஒளியைப் பார்த்தார், அதை "வலுவற்ற ஒளிர்வு" என்று வைத்துக்கொண்டார்கள். 1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் ஒவ்வொரு திரவமாகச் சுத்தம் செய்து, வடிகட்டிக் கண்ணாடி வைத்து, இருட்டறையில் கண்ணாலேயே பார்த்து உறுதி செய்தார். கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஏழு வருடம் நின்றவருக்குப் பெருமையா, கடைசி வாரங்களில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தவருக்கா, முதலில் கண்டும் வேறு பெயர் வைத்துவிட்டவருக்கா? மூன்று பேருக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. பரிசுக் குழு ஒரு பெயரைத்தான் எடுத்தது, அந்தக் குறை அவர்களுடையது. நேச்சர் குறிப்பில் இரண்டு பெயரும் இருந்ததால்தான் இன்று நீங்கள் இந்தச் சண்டையைப் போட முடிகிறது.

பெல் அம்மையார் விஷயம் வேறு. ஆராய்ச்சி மாணவர்களுக்கு நோபல் கொடுப்பது மிக அரிதான சந்தர்ப்பத்தில்தான் பொருந்தும், தன்னுடையது அப்படிப்பட்டதல்ல என்று அவரே சொன்னார். அவர் பெருந்தன்மையை நாம் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018இல் 30 லட்சம் டாலர் பரிசு வந்தபோது முழுவதையும் மாணவர்களின் ஆராய்ச்சி உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்.

ஏபிஐ_எண்ணி | செவ்வாய், இரவு 9.30

எல்லாரும் கண்டுபிடிப்பு, நோபல் என்று உயரத்தில் பேசுகிறீர்கள். கீழே இறங்கி வாருங்கள். வேலைக்குப் போனால் எண்ணுவது மார்க்.

கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கான 2018 யுஜிசி விதியில் இணை ஆசிரியர் கணக்கு இப்படி: இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். இரண்டுக்கு மேல் என்றால் முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ (இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்துகிறவர்) 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. கூட்டிப் பாருங்கள். ஒருவர் எழுதினால் கட்டுரையின் மதிப்பு 100. இருவர் எழுதினால் 140. ஐந்து பேர் என்றால் 70 கூட்டல் நான்கு முப்பது, 190. பெயர் சேர்க்கச் சேர்க்க மதிப்பு ஊதிக்கொண்டே போகிறது. அப்புறம் ஏன் துறைத் தலைவர் பெயர் கேட்க மாட்டார்?

இந்தக் கணக்கு எல்லாத் துறைக்கும் ஒன்றுதான். அகர வரிசையில் எழுதுகிற கணிதக்காரர் பெயர் எஸ்-ஸில் தொடங்கினால் வாழ்நாள் முழுக்க 30தான். மூன்றாம்பீம் நண்பருக்கு நேர்காணலில் நடந்ததும் இதுதான். ஒரு துறையின் வழக்கத்தை எடுத்து இன்னொரு துறையை அளக்கிறார்கள்.

தங்கச்சிக்கு என் யோசனை: துறைத் தலைவர் பெயரைப் போட்டுத் தொலையுங்கள். தீசிஸ் போக வேண்டும், வைவா நடக்க வேண்டும், கையெழுத்து அவர் கையில். நாலாவது இடத்தில் ஒரு பெயர் கூடுவதால் உங்களுக்கு ஒரு மார்க்கும் குறையாது. கொள்கை பேசுகிறவர்கள் யாரும் உங்கள் ஸ்காலர்ஷிப் நின்றால் கட்ட மாட்டார்கள்.

சோதனைக்குழாய் | செவ்வாய், இரவு 9.41

இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இந்த நிலைமை.

ஏபிஐ_எண்ணி | செவ்வாய், இரவு 9.44

நிரந்தர வேலையில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

நெறியாளர் | செவ்வாய், இரவு 10.00

இருவரும் விஷயத்துக்கு வரவும். நிறுவனம், ஆள் பெயர் எதையும் யாரும் ஊகித்து எழுத வேண்டாம்.

நோய்க்கணக்கு | புதன், காலை 7.25

மருத்துவப் புள்ளியியலில் இருக்கிறேன், எங்களிடம் இதற்கு எழுதிவைத்த விதி இருக்கிறது. மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவரில் கூடினார்கள். அந்தக் குழு வளர்ந்துதான் இன்றைய விதிகளை வைத்திருக்கிறது. ஆசிரியர் என்றால் நான்கும் பொருந்த வேண்டும்: திட்டமிடுவதிலோ தரவிலோ ஆய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பிறகு கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. நான்காவது 2013இல் சேர்ந்தது. பணம் திரட்டியது, பொதுவாக மேற்பார்த்தது, இவை மட்டும் போதாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். துறைத் தலைவர் கதை அங்கேயே முடிந்தது.

"ஒரு பெயர் கூடினால் என்ன" என்ற கேள்விக்கு: 2005இல் தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக் குளோனிங் மோசடி வெளிவந்தபோது அந்தக் கட்டுரையில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ஷாட்டன் பெயரும் மூத்த ஆசிரியராக இருந்தது. என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அவர் சயன்ஸ் இதழைக் கேட்டார். அப்படித் தனியாக உருவிக்கொள்ள முடியவில்லை. 2006 ஜனவரியில் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. தரவைப் புனைந்ததில் அவருக்குப் பங்கில்லை என்று பல்கலைக்கழக விசாரணை சொன்னது, ஆனால் பொறுப்பைத் தட்டிக்கழித்தார் என்று கண்டித்தது. பெயர் போட்டுக்கொள்கிறவர் இதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். உங்கள் துறைத் தலைவருக்கு இதை யாராவது பக்குவமாகச் சொல்லலாம்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கணக்கெடுப்பாளர் அண்ணனைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அவர் என்ன செய்தார்? அளந்தது மட்டுமா?

கல்வெட்டுப்படி | புதன், காலை 10.10

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். எங்கள் பக்கம், கல்வெட்டு ஆய்வில், இந்த வரிசைச் சண்டையே கிடையாது, எல்லாம் ஒற்றை ஆசிரியர்தான். அது ஒழுக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். மைப்படி எடுப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்துக் குழிக்குள் தாளை இறக்கி, அது முழுக்கக் காய்வதற்குள் மையை ஒற்ற வேண்டும். வெயில் ஏறினால் தாள் உரிந்துகொண்டு வரும். ஒரு கோடு சரியாக விழாவிட்டால் அரசனின் ஆட்சியாண்டே மாறிப்போகும். அப்படி எடுத்த படியை மேஜையில் விரித்து வாசித்தவர் கட்டுரை எழுதுவார். எடுத்தவர் பெயர் முன்னுரையில் வந்தால் பெரிய விஷயம், பல சமயம் "உதவியாளர்கள்" என்று மொத்தமாகப் போய்விடும்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. கனடாவின் மேற்குக் கரைப் பழங்குடிகளின் கதைகளைத் திரட்டிய பிரான்ஸ் போவாஸ், அவற்றைச் சேகரித்து எழுதித் தந்த ஜார்ஜ் ஹண்டின் பெயரை 1905இல் வந்த தொகுதியில் தன் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டார். ஹண்ட் பட்டம் பெற்றவர் இல்லை, அந்த ஊரில் வளர்ந்தவர்.

தருவைக்காற்று | புதன், மதியம் 2.05

அண்ணனைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி, நானே எழுதியிருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஏலத்துக்கு விரித்த குவியலில் இருந்துதான் அளந்துகொண்டிருந்தோம். இரவு படகு திரும்பியதும் அவர் பலகையில் மீனை வைத்து நீளத்தைச் சொல்வார், நான் குறிப்பேன். குட்டி மீன் பெரிதாக இல்லையே என்று நான் சந்தோஷமாக ஒரு வரைபடம் போட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "நீங்க தப்பான குவியலை அளக்குறீங்க. குட்டியெல்லாம் கடல்லயே பிரிச்சிருவாங்க. சங்காயத்தோட சேர்ந்து அந்தப் பக்கமா லாரிக்குப் போயிரும்" என்றார். சங்காயம் என்பது விலை போகாத சில்லறை மீன், அரைத்துத் தீவனத்துக்குப் போகும். அன்றிலிருந்து அந்தப் பெட்டிகளிலும் மாதிரி எடுத்தோம். பேப்பரின் முடிவு முழுக்க அதில்தான் நிற்கிறது. நாங்கள் விலையைச் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்ததே அதனால்தான்.

அவர் பத்தாவதோடு நின்றவர். ஆங்கிலத்தில் எழுதவோ திருத்தவோ முடியாது. நான்கில் இரண்டாவது நிபந்தனை இடிக்கிறதே?

நோய்க்கணக்கு | புதன், மாலை 3.15

இடிக்கவில்லை. முதல் நிபந்தனையை நிறைவு செய்தவருக்கு மற்றதில் பங்கெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. வாய்ப்பே கொடுக்காமல் "நீ திருத்தவில்லை, அதனால் ஆசிரியர் இல்லை" என்று தள்ளத்தான் கூடாது. உட்கார வைத்துப் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லுங்கள். ஆட்சேபம் இருந்தால் குறித்துக்கொண்டு மாற்றுங்கள். அது திருத்தம்தான். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஆய்வின் வடிவமைப்பையே மாற்றியவர் அவர். என் கணக்கில் அவர் பெயர் கைடு பெயரை விடத் தெளிவாக உள்ளே வருகிறது.

அப்புறம் பல ஜர்னல்களில் பங்களிப்புப் படிவம் உண்டு. கருத்துரு, முறையியல், தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு, நிதி திரட்டல் என்று 14 வகை வேலை இருக்கும், ஒவ்வொரு பெயருக்கும் எது என்று குறிக்க வேண்டும். அதை நிரப்பித் துறைத் தலைவருக்கு வரைவோடு அனுப்புங்கள். "ஐயா, உங்கள் பெயருக்கு எதைக் குறிப்பது என்று தாங்களே சொல்லுங்கள்" என்று ஒரு வரி போதும். மறுப்பு சொன்ன மாதிரியும் இருக்காது.

ஏபிஐ_எண்ணி | புதன், மாலை 3.40

இது நல்ல தந்திரம். நேற்று சொன்னதில் நான் பின்வாங்கவில்லை, ஆனால் முதலில் இதைச் செய்து பாருங்கள். மெயிலைக் கைடு பெயரில் அனுப்பச் சொல்லுங்கள்.

பொருளாதாரப்பூனை | புதன், மாலை 6.20

(அக்காதான்.)

சற்று இலேசாக ஒன்று. 1975இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் தனியாக ஒரு கட்டுரை எழுதி, முழுக்க "நாங்கள்" என்று தட்டச்சு செய்துவிட்டார். ஒற்றை ஆசிரியர் அப்படி எழுதினால் இதழ் ஏற்காது என்று சக ஊழியர் சொல்ல, திரும்ப அடிக்கச் சோம்பல்பட்டு வீட்டுப் பூனையை இணை ஆசிரியராக்கினார். எஃப்.டி.சி. வில்லார்ட் என்ற பெயரில் அந்தச் சியாமிஸ் பூனை பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் இருக்கிறது. என் புனைபெயர் அதனால்தான்.

எல்லா வேடிக்கையும் இப்படி யாருக்கும் வலிக்காமல் முடிவதில்லை. 1948இல் ஆல்ஃபர் என்ற மாணவரும் அவர் கைடு கேமவும் எழுதிய கட்டுரையில், ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஒலிக்க வேண்டும் என்பதற்காகக் பேத்தே என்ற இன்னொரு இயற்பியலாளரின் பெயரைக் கேமவ் நடுவில் செருகினார். பேத்தே அந்த வேலையைச் செய்யவில்லை. இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவே தன் வேலை காணாமல் போனதாக ஆல்ஃபருக்குக் கடைசி வரை குறை இருந்தது.

அடிக்குறிப்பு | புதன், மாலை 6.45

பூனை ஆகலாம், சாட்ஜிபிடி ஆகக் கூடாதா?

நோய்க்கணக்கு | புதன், இரவு 7.02

2023 தொடக்கத்தில் சிலர் போட்டும் பார்த்தார்கள். நேச்சர், சயன்ஸ் இரண்டும் கதவைச் சாத்திவிட்டன. நான்காவது நிபந்தனையை நினைத்துக்கொள்ளுங்கள். கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பை அது ஏற்க முடியாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். வேண்டுமானால் இதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

தருவைக்காற்று | சனி, இரவு 9.15

நடந்ததைச் சொல்கிறேன்.

நண்பரோடு பேசி முடிந்தது. இந்தப் பேப்பர் மீன்வள ஜர்னலுக்குப் போவதால் பங்களிப்பு வரிசை, நான் முதல், அவர் இரண்டாவது. விலைப் பகுதியை மட்டும் விரித்து இன்னொன்று எழுதி அவர்கள் துறை ஜர்னலுக்கு அனுப்பப் போகிறோம். அதில் அகர வரிசை. அப்பா பெயரை முன்னால் கொண்டுவரும் வித்தை வேண்டாம் என்று முடிவு செய்தேன். சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு இனிஷியலை மற்றதில் போட்டுவிட்டேன். வாத்தியார் சார் சொன்ன 16 இலக்கமும் வாங்கியாச்சு. அந்த இரண்டாவது பேப்பரில் நான் கடைசி, பரவாயில்லை.

அண்ணனிடம் வரைவைத் தமிழில் சொன்னேன். இரண்டு இடத்தில் நிறுத்தினார். ஓர் அட்டவணையில் சீலாக் குட்டி என்று நான் சேர்த்திருந்த சிலது வேறு மீன் என்றார். படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. இன்னொன்று, தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் படகு இறங்கும் முதல் நாட்களை மற்ற நாட்களோடு சேர்த்துச் சராசரி போடாதே என்றார். அதையும் பிரித்துவிட்டோம்.

ஆனால் பெயர் போடலாமா என்று கேட்டபோது அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "குட்டி மீன் பிடிக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. கீழ என் பேர் இருந்தா நாளைக்கு நான் எந்தப் படகுல போய் நிக்கிறது?" என்றார். நாம் எல்லாம் பெயர் கிடைக்காதவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஓய்வு_வாத்தியார் | சனி, இரவு 9.50

சரியான கேள்வி கேட்டிருக்கிறார். புள்ளியியலில் "ஸ்டூடண்ட்" டி-சோதனை என்று படிக்கிறோமே, அது 1908இல் வந்தது. அந்த ஸ்டூடண்ட் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட். ஊழியர்கள் சொந்தப் பெயரில் வெளியிட ஆலை அனுமதிக்காததால் புனைபெயர் வைத்துக்கொண்டார். வேலைக்குப் பயந்து பெயரை மறைப்பது புதிதல்ல.

நோய்க்கணக்கு | சனி, இரவு 10.20

இன்றைக்குப் புனைபெயரை எல்லா ஜர்னலும் ஒப்புக்கொள்ளாது. இதழாசிரியருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பாருங்கள். நன்றியுரையில் பெயர் இல்லாமல் "மாதிரி எடுக்கும் முறையை மாற்றக் காரணமான கணக்கெடுப்பாளர்" என்று என்ன செய்தார் என்பதையாவது எழுதலாம். ஊர்ப் பெயரையும் எடுத்துவிடுங்கள். அந்த இறங்குதளத்தில் கணக்கெடுப்பவர் ஒருவர்தான் என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். முடிவு அவருடையது, நீங்கள் வற்புறுத்த வேண்டாம்.

கல்வெட்டுப்படி | ஞாயிறு, காலை 8.30

பெயர் வேண்டாம் என்றால் கூலியாவது கூடட்டும். திட்டத்தில் பணம் மிச்சம் இருக்கிறதா என்று கைடைக் கேளுங்கள்.

தருவைக்காற்று | ஞாயிறு, காலை 11.10

கேட்டிருக்கிறேன். இதழாசிரியருக்கும் இன்று எழுதுகிறேன். அண்ணன் வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார், அதுவரை அனுப்பப் போவதில்லை.

துறைத் தலைவருக்கு வியாழக்கிழமை கைடு மெயில் போட்டார், 14 கட்டத்தோடு. இன்னும் பதில் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வராந்தாவில் பார்த்தபோது "என்ன, மீன் பேப்பர் எந்த அளவில் இருக்கிறது?" என்று அவராகவே கேட்டார். முதல் தடவையாக.